விழுந்து பார்த்துச் சோதிக்க முடியாதவை: டவுன்ஹில் கேள்வி-பதில்

மலைச் சரிவில் சைக்கிளை வேகமாக இறக்கும் டவுன்ஹில் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. வாங்கிய ஹெல்மெட்டும் பேடும் பார்ட்ஸும் சரியானவைதானா என்று நாமே எப்படிச் சோதிப்பது? முதலில் இதை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பாதையில் ஓட்டிச் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். ஹெல்மெட்டும் பேடும் அடியைத் தாங்குமா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். நாம் பார்க்கக்கூடியது, அவை உடம்பில் ஒழுங்காக உட்காருகின்றனவா என்பதைத்தான்.

கேள்வி: புதிதாக ஃபுல் ஃபேஸ் (முகத்தையும் தாடையையும் சேர்த்து மறைக்கும்) ஹெல்மெட் வாங்கியிருக்கிறேன். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இஎன் 1078 என்று மட்டும் இருக்கிறது. நண்பருடையதில் ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்றும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். வித்தியாசம் உண்டா?

உண்டு, முக்கியமாகத் தாடைப் பக்கம். இஎன் 1078 சாதாரண சைக்கிள், ஸ்கேட்போர்டு, ரோலர் ஸ்கேட் ஓட்டுபவர்களுக்கான ஐரோப்பியத் தரம். ஹெல்மெட்டுக்குள் ஒரு செயற்கைத் தலையை வைத்து, தட்டையான இரும்பின் மேல் விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் மோதவிடுகிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. அப்புறம் நடைபாதை விளிம்பு போல முனை உள்ள இரும்பின் மேல், கொஞ்சம் குறைந்த வேகத்தில். தலைக்குள் பதிவாகும் அதிர்ச்சி 250 ஜி-யை, அதாவது புவியீர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டக் கூடாது. தாடைக்கு முன்னால் வரும் அந்த வளைவு, சின் பார், இந்தச் சோதனையில் வரவே வராது. அதனால் அந்த ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் உங்கள் சின் பார் பலமானதாகவும் இருக்கலாம், பெயருக்கு வைத்த பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம், ஸ்டிக்கரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

எஃப்1952 டவுன்ஹில் பந்தயத்துக்கென்றே எழுதப்பட்ட அமெரிக்கத் தரம். தட்டைப் பரப்பில் விநாடிக்கு 6.2 மீட்டர், அதாவது 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. உருண்டை முனையிலும் விளிம்பு முனையிலும் சாதாரண சைக்கிள் ஹெல்மெட்டுக்கு வைப்பதைவிடக் கடுமையான அடி. சின் பாரின் மேல் எடையை விழவைத்து, அது முகத்தை நோக்கி எவ்வளவு உள்வாங்குகிறது என்றும் அளக்கிறார்கள். இதில் வரம்பு 300 ஜி. அதைப் பார்த்துவிட்டு, 250-தானே நல்லது, ஐரோப்பியத் தரம்தானே கடுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு சோதனைகளிலும் அடியின் வேகமே வேறு என்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் பிடுங்கி ஒப்பிடக் கூடாது.

இன்னொன்றும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. விநாடிக்கு 6.2 மீட்டர் என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர்தான், நான் 50-ல் போகிறேனே என்று பயப்படுகிறார்கள். அது வண்டியின் வேகம் இல்லை, தலை ஒரு பரப்பை நோக்கி நேராகப் போகும் வேகம். 50-ல் போகும்போது சறுக்கி விழுந்தாலும் தலை மண்ணை நோக்கி இறங்கும் வேகம் நீங்கள் விழுந்த உயரத்தைப் பொறுத்ததுதான். ஆனால் மரத்திலோ பாறையிலோ நேராகப் போய் மோதினால் வண்டியின் வேகமே மோதும் வேகம், அதற்கு எந்த ஹெல்மெட்டும் உத்தரவாதம் தராது.

சரி, வீட்டில் என்ன பார்க்கலாம்? ஹெல்மெட்டைப் போடுங்கள், பட்டையை இன்னும் மாட்ட வேண்டாம். கன்னத்துப் பேடு கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும், வாயை மூடினால் உள்கன்னம் பல்லில் படுகிற அளவுக்கு. சின் பாரை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்புங்கள். நெற்றித் தோல் ஹெல்மெட்டோடு சேர்ந்து இழுபட வேண்டும். தோல் அப்படியே நிற்க ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் பெரிய அளவு. இப்போது பட்டையை மாட்டி, பின்கழுத்துப் பக்கம் விளிம்பைப் பிடித்து மேலே, முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கழன்று வருகிற மாதிரி இருந்தால் எத்தனை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தும் பயனில்லை. அரை மணி நேரம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு இருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்து வலித்தால் அந்த அச்சு உங்கள் தலைக்கு ஒத்துவராது, வேறு நிறுவனத்தினுடையதைப் பாருங்கள். கண்ணாடியையும் போட்டுப் பார்ப்பது நல்லது. கண்ணாடியின் சட்டம் ஹெல்மெட் விளிம்பில் முட்டி மூக்கை அழுத்தினால், பாதி வழியில் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவீர்கள்.

கேள்வி: ஹெல்மெட்டுக்குள் மஞ்சள் நிறத்தில் ஆடுகிற ஒரு மெல்லிய உறை இருக்கிறது. மிப்ஸ் என்கிறார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், காரணம் தெரிந்து கொடுங்கள். மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் நேராக விழும் அடியைத்தான் அளக்கின்றன. நாம் விழுவது பெரும்பாலும் சாய்வாக. ஹெல்மெட் மண்ணைப் பற்றிக்கொண்டதும் தலை வெடுக்கென்று திருகும், மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு உள்ளே இருக்கும் மூளை திரும்பாது, அந்த இழுபறியில்தான் மூளைத் திசு பாதிக்கப்படுகிறது. ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற பொறியாளரும் 1990-களில் ஸ்டாக்ஹோமின் கேடிஎச் பல்கலைக்கழகத்தில் இதை ஆராயத் தொடங்கி உருவாக்கியதுதான் இந்த உறை. அடி விழுந்த கணத்தில் ஹெல்மெட் தலையைச் சுற்றி 10 முதல் 15 மில்லிமீட்டர் வழுக்க இடம் கொடுக்கிறது, திருகல் அந்த அளவுக்குத் தலைக்குப் போகாமல் குறைகிறது. வேறு நிறுவனங்கள் இதே வேலையை வேறு வழியில் செய்கின்றன.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் ஹெல்மெட்டுகளைச் சாய்வான பரப்பில் மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தருகிறது. வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள், நமக்குக் கிடைக்கும் சுயேச்சையான தகவல்களில் மிக உருப்படியானது அது என்பது என் கருத்து. ஆனால் மிப்ஸ் இருந்தும் தலையில் ஆடும் ஹெல்மெட், மிப்ஸ் இல்லாமல் கச்சிதமாக உட்காரும் ஹெல்மெட் என்று இரண்டுதான் கையில் இருக்கின்றன என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: முழங்காலுக்கான நீ பேடில் லெவல் 1, லெவல் 2 என்று போட்டிருக்கிறதே, என்ன கணக்கு அது?

அது இஎன் 1621-1, மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களின் கை கால் காப்புக்கான தரம், மவுன்டன் பைக் பேடுகளுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். 5 கிலோ எடையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து பேடின் மேல் போடுவார்கள், 50 ஜூல் ஆற்றல். பேடைத் தாண்டி அந்தப் பக்கம் போகும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20-க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுக் காப்புக்கு இஎன் 1621-2 என்று தனித் தரம், அங்கே வரம்பு லெவல் 1-க்கு 18, லெவல் 2-க்கு 9 கிலோநியூட்டன். முழங்காலுக்கான லெவல் 2-ஐ விட முதுகுக்கான லெவல் 1 கடுமையானது. அதனால் 1621-க்குப் பின்னால் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும், வெறும் "லெவல் 2" போதாது.

கையால் தொட்டால் களிமண் மாதிரி குழைந்து, அடி விழும்போது மட்டும் இறுகும் பேடுகள் இப்போது நிறைய வருகின்றன. அணிய சுகமானவை, மணிக்கணக்கில் போட்டுக்கொண்டு மிதிக்கலாம். குளிர் வெப்பத்தைப் பொறுத்து அவற்றின் குணம் மாறலாம் என்பதால்தான் இந்தத் தரத்தில் விருப்பச் சோதனை ஒன்று வைத்திருக்கிறார்கள்: லேபிளில் டி மைனஸ் என்றிருந்தால் மைனஸ் 10 டிகிரியிலும், டி பிளஸ் என்றிருந்தால் 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது. நீங்கள் ஓட்டும் இடத்தின் தட்பவெப்பத்துக்கு ஏற்றதைப் பாருங்கள்.

இத்தனையும் பேட் முழங்காலிலேயே இருந்தால்தான் உதவும். ஆய்வகத்தில் பேடைத் தாங்கியின் மேல் வைத்து நேராக அடிக்கிறார்கள், பாதையிலோ முழங்கால் மண்ணில் பட்டதும் முதலில் தேய்ந்து இழுபடும். நான் கடையில் செய்வது இதுதான்: போட்டுக்கொண்டு நன்றாகக் குத்தவைத்து எழுந்து, வண்டியில் நிற்கிற மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டு, உள்ளங்கையை முழங்கால் சில்லுக்கு நேராக வைத்து பேடைக் கணுக்கால் பக்கம் பலமாகத் தள்ளுவேன். சில்லு வெளியே தெரிகிற அளவுக்கு இறங்கினால் அதை வாங்க மாட்டேன், லெவல் எதுவானாலும் சரி. வியர்த்தபின் இன்னும் வழுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: முதுகுப் பையே போதாதா, தனியாக முதுகுக் காப்பு எதற்கு?

காப்புத் தகடு உள்ளேயே வைத்துத் தைத்து, லேபிளில் இஎன் 1621-2 போட்ட பை என்றால் போதும். சாதாரணப் பை காப்பு ஆகாது, அதுவும் உள்ளே பம்பும் ஸ்பேனரும் இருந்தால் முதுகெலும்புக்கும் பாறைக்கும் நடுவே இரும்பை வைத்துக்கொண்டு விழுவதுதான்.

கேள்வி: அண்ணா, போன வாரம் புது டயர் போட்டு, ஃபோர்க்கில் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனில்) காற்றைக் குறைத்து, ஹேண்டில்பாரையும் மாற்றினேன். அதே பாதையில் நான்கு விநாடி வேகமாக இறங்கினேன். எது வேலை செய்தது?

தெரியாது தம்பி, யாராலும் சொல்ல முடியாது. மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டீர்கள். அந்த நான்கு விநாடி பாதை காய்ந்ததால் வந்திருக்கலாம், அன்று உடம்பு நன்றாக இருந்ததால் வந்திருக்கலாம், அந்தப் பாதையில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று பழகிப்போனதாலேயே வந்திருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு பழையதற்குத் திரும்பி இன்னொரு முறை இறங்குங்கள், இதைத்தான் பலர் செய்வதில்லை. பழையது, புதியது, மறுபடி பழையது. கடைசி ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட வேகமாக வந்தால் பாதை உங்களுக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம், பார்ட்ஸுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்காதீர்கள். முழுப் பாதையையும் அளக்காதீர்கள். வேர்கள் நிறைந்த இடமோ கல் அடுக்கான இடமோ ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் திரும்பத் திரும்ப இறங்குங்கள். நீளமான பாதையில் எங்கேயோ ஒரு திருப்பத்தில் தவறவிட்டாலே போதும், நீங்கள் தேடும் வித்தியாசம் அதில் மூழ்கிவிடும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் காற்றழுத்தம். டிஜிட்டல் மானி ஒன்று வாங்கிவிடுங்கள், பம்பில் இருக்கும் முள்ளை நம்ப முடியாது. டவுன்ஹில் டயரில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாறினாலே பிடிமானம் வேறாகத் தெரியும். காலையில் நிழலில் 25 பிஎஸ்ஐ வைத்த டயர், வெயில் ஏறிக் காற்று 10 டிகிரி சூடானால் ஒன்றேகால் ஒன்றரை பிஎஸ்ஐ தானாகவே ஏறியிருக்கும். டயர் ஒப்பிடுகிறேன் என்று காலையில் ஒன்றையும் மதியம் ஒன்றையும் ஓட்டிவிட்டு, இரண்டாவது துள்ளுகிறது, சரியில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறையப் பேர். டயர் மேல் குற்றமே இருந்திருக்காது. ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னாலும் அளங்கள்.

அடுத்தது சேக், அதாவது நீங்கள் ஏறி நின்றதும் சஸ்பென்ஷன் தானாகத் தணியும் அளவு. முழு உடுப்போடு, ஹெல்மெட், பேடு, தண்ணீர் எல்லாம் மாட்டிக்கொண்டு, பெடலில் எழுந்து நின்று அளக்க வேண்டும். 200 மில்லிமீட்டர் வரை அமுங்கக்கூடிய ஃபோர்க்கில் 20 சதவீதம் என்றால் அதன் குழாயில் இருக்கும் ரப்பர் வளையம் 40 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பின் ஷாக்குக்கு 30 சதவீதத்தை ஒட்டித் தொடங்கலாம். இது சரியானபின்தான் ரீபவுண்ட் திருகில், அதாவது அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் திருகில் கை வைக்க வேண்டும், ஏனென்றால் காற்றை மாற்றினால் ரீபவுண்டும் மாறிப்போகும். ரீபவுண்டைத் தேடும்போது ஒவ்வொரு கிளிக்காகத் தயங்கித் தயங்கிப் போகாமல், முழுக்க வேகமாக வைத்து ஒரு முறை, முழுக்க மெதுவாக வைத்து ஒரு முறை நிதானமாக இறங்கிப் பாருங்கள். வேகமாக இருந்தால் சக்கரம் துள்ளிக் கையை உதைக்கும், மெதுவாக இருந்தால் அடுத்தடுத்து வரும் கற்களில் ஃபோர்க் எழுந்து வர நேரமில்லாமல் அமுங்கிக்கொண்டே போகும். இரண்டு கோடியும் உடம்புக்குத் தெரிந்துவிட்டால் நடுவில் இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

இறங்கியதும் அங்கேயே நின்று எழுதுங்கள். அழுத்தம், கிளிக் எண்ணிக்கை, பாதை ஈரமா காய்ந்ததா, கையில் எங்கே வலி. கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எழுதுங்கள். நேரம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அப்புறம் எல்லாமே நன்றாக இருந்த மாதிரிதான் தோன்றும்.

கேள்வி: புது பிரேக் பேடு போட்ட பிறகு பிடிப்பே இல்லை, சத்தம் வேறு. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பொறுங்கள். பேடைப் பழக்கினீர்களா? புது பேடின் பொருள் ரோட்டார் மேல், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகட்டின் மேல் மெல்லிய படலமாக ஏறினால்தான் பிடிப்பு வரும். சமதளத்தில் மிதமான வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், நடைவேகம் வரை உறுதியாகப் பிடித்து விடுங்கள், முன் பிரேக்குக்கு இருபது முறை, பின்னதற்கு இருபது முறை. வண்டியை முழுக்க நிறுத்திவிட வேண்டாம், சூடான பேடு ஒரே இடத்தில் ஒட்டித் தடம் விட்டுவிடும். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் எண்ணெய் பட்டிருக்கலாம், சங்கிலிக்கு ஸ்பிரே அடிக்கும்போது ரோட்டாரில் தெறிப்பது சகஜம். எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முயல்வதைவிட மாற்றிவிடுவது மேல்.

பிரேக்கை உண்மையாகச் சோதிப்பது நீண்ட இறக்கம். வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ, 500 மீட்டர் உயரம் இறங்குகிறார்கள் என்றால் சுமார் 490 கிலோஜூல் ஆற்றல் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும், ஒன்றரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கிற அளவு. காற்றிலும் டயரிலும் கொஞ்சம் போனாலும் பெரும் பகுதி அந்த இரண்டு மெல்லிய தகடுகளில்தான் இறங்குகிறது. மேலே இருக்கும்போது லீவர் எந்த இடத்தில் பிடித்தது, கீழே வந்தபோது எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கவனியுங்கள். கைப்பிடியை நோக்கி உள்ளே வந்துகொண்டே இருந்தால் உள்ளே திரவம் கொதிக்கிறது, அல்லது காற்று இருக்கிறது. டாட் 4 என்ற பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு அந்த வரம்பு 155. வருடக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினால் இதுதான் நடக்கும். மினரல் ஆயில் பிரேக்கில் டாட் ஊற்றுவதோ, டாட் பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்றுவதோ கூடவே கூடாது, உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு ஒரு இறக்கத்தின் நடுவில் பிரேக்கே இல்லாமல் போகும்.

கேள்வி: பழைய டபுள் கிரவுன் ஃபோர்க்கும் கார்பன் ஹேண்டில்பாரும் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

ஃபோர்க்கைப் பார்த்து வாங்கலாம். குழாய்களை நகத்தால் மேலிருந்து கீழ் வரை தடவுங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது ஃபோர்க்கின் சீல் இருக்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் உள்ளே புஷ் தேய்ந்துவிட்டது. கிரவுனின், அதாவது இரண்டு குழாய்களையும் பிணைக்கும் கட்டையின் போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஹேண்டில்பார் வேண்டாம். கார்பனுக்குள் இருக்கும் சேதம் வெளியே தெரியாமலே இருக்கும், அது எத்தனை முறை விழுந்தது என்பது விற்பவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: என் மகன் டவுன்ஹில் ஓட்ட ஆரம்பித்திருக்கிறான். தினமும் புதுப்புது பார்ட்ஸ் கேட்கிறான். பணம் குறைவு. எதை முதலில் வாங்கிக் கொடுக்க? - ஒரு தாய்

அம்மா, ஹெல்மெட் முதலில், எஃப்1952 போட்டது, அவன் தலைக்குச் சரியான அளவு. வளர்ந்துவிடுவான் என்று ஒரு அளவு பெரியதாக வாங்கவே வாங்காதீர்கள். அடுத்து நீ பேடு, முழு விரல் கையுறை, கண்ணாடி. பிறகு முதுகுக் காப்பு. பந்தயத்துக்குப் போனால் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் இல்லாமல் விடமாட்டார்கள். உலக சைக்கிள் அமைப்பான யூசிஐ அதைக் கட்டாயமாக்கி, முதுகு, முழங்கை, முழங்கால், தோள் காப்புகளையும் வலியுறுத்துகிறது. இவை எல்லாம் ஆன பிறகு டயரும் பிரேக் பேடும்.

கியர், சங்கிலி, செயின்ரிங் (பெடலோடு சுழலும் பல் சக்கரம்) என்று கேட்டால் ஒரு விஷயம் சொல்லுங்கள். 2015-ல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் நடந்த உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயத்தில் அமெரிக்க வீரர் ஏரன் க்வின்னின் சங்கிலி தொடக்கத்திலேயே அறுந்துபோனது. ஒரு மிதிகூட மிதிக்க முடியாமல் மலையிலிருந்து இறங்கி, அந்தப் பந்தயத்தை அவரே வென்றார். பிரேக் போயிருந்தால் அப்படி இறங்கியிருக்க முடியாது. அவன் அடுத்த முறை பளபளப்பான செயின்ரிங்கைக் காட்டும்போது பிரேக் பேடின் தடிமனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெல்மெட் மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

உள்ளே தலை இல்லாமல் மேசை உயரத்திலிருந்து விழுந்ததில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதன் சொந்த எடை குறைவு. இருந்தாலும் உள் பேடுகளைக் கழற்றி, வெள்ளையோ கறுப்போ அந்த ஃபோமை வெளிச்சத்தில் பாருங்கள், விரிசலோ அமுங்கிய பள்ளமோ, ஓடு ஃபோமிலிருந்து பிரிந்த இடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். தலையோடு விழுந்து அடிபட்டது என்றால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும். ஃபோம் ஒரு முறை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது, நசுங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது. சில நிறுவனங்கள் விழுந்த ஹெல்மெட்டுக்குப் பதில் புதியதைக் குறைந்த விலைக்குத் தருகின்றன, உங்களுடையதற்கு அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பழையதை யாருக்கும் கொடுத்துவிடாமல், பட்டையை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.